ஜன்னலுக்கு வெளியே பதினோரு பேர்

1

இந்த ஊரில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டப் போகிறார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான பெரிய ஆஸ்பத்திரி. அதை எப்படிக் கட்ட வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் சிரித்தேன். பள்ளிக்கூட கேன்டீனில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற பவுன்தாயிடம் ஆஸ்பத்திரிக்கு யோசனை கேட்க இவர்களுக்கு என்ன தலையெழுத்து என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆண்டிபட்டிக்காரர், அளந்துதான் பேசுவார். "மத்தியானச் சோறு போடுவாகளான்னு கேட்டுக்க" என்றார். அதோடு அவர் யோசனை முடிந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் இங்கே நூலகத்தில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கொடுத்து வைத்திருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் அழைப்பு வந்தது. நம் பக்கம் ஆஸ்பத்திரி கட்டினால், கட்டி முடித்து ரிப்பன் வெட்டிய பிறகுதான் நமக்குத் தெரியும். வாசல் எந்தப் பக்கம் என்று போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இங்கே ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டு உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்துக் கேட்கிறார்கள். கேட்பது நல்ல விஷயம்தான். கேட்டுவிட்டு என்ன செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

போவதற்கு முன் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் இன்னும் படிவம் இல்லை. பெயர், பேசும் மொழி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கேள்வி, "உங்கள் கம்யூனிட்டி எது?" எனக்குக் கை நின்றுவிட்டது. கம்யூனிட்டி என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே, தாலுகா ஆபீஸில் நடையாய் நடந்து வாங்குகிற சர்டிபிகேட். ஆஸ்பத்திரி கட்டுகிறவர்களுக்கு என் சாதி எதற்கு என்று கோபம் வந்தது. அதை எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன். காலியாக விட்டால் அந்தப் பக்கம் நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. கடைசியில் பிறந்த ஊரின் பெயரை, 'குச்சனூர்' என்று அடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

2

கூட்டம் நடந்த மண்டபத்தின் வாசலில் ஹெலன் என்ற பெண்மணி நின்றார். மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வதற்காகவே ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்திருக்கும் ஆள். முகமெல்லாம் சிரிப்பு. பெயர் அச்சடித்த ஒரு ஒட்டுத்தாளை எடுத்து என் நெஞ்சில் ஒட்டினார். 'பவுன்தாய், குச்சனூர் சமூகம்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாவுக்கு 'சூடான் சமூகம்', இன்னொருவருக்கு 'கிரேக்க சமூகம்'. சனீஸ்வரன் கோயிலும் நான்கைந்து தெருவும் நெல்வயலும்தான் எங்கள் சமூகம் என்று யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது?

உள்ளே போனால் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் என் மகள் மது நிற்கிறாள். ஏழு மாத வயிற்றின் மேல் தட்டை வைத்துத் தின்றுகொண்டு.

"நீ எங்க இங்கன?" என்றேன்.

"கிளினிக்கில் கூப்பிட்டார்கள். நீ?" என்றாள், ஆங்கிலத்தில்.

"குச்சனூர்லருந்து கூப்பிட்டாக" என்று நெஞ்சில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன்.

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் எடுத்தால் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அவள் வீடு. முந்தின நாள்கூட போனில் பேசினோம். இரண்டு பேருமே ஒரே இடத்துக்கு வரப் போவதை இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. நான் சொல்லாதது கேலி செய்வாளே என்று. அவள் சொல்லாததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சில வருஷமாகவே அவள் எதையும் முடிந்த பிறகுதான் சொல்கிறாள். வீடு மாறினால் புது வீட்டிலிருந்து படம் வரும். வேலை மாறினால் முதல் சம்பளம் வாங்கிய பிறகு தெரியும். மருமகன் லூக்கஸ் நல்ல பையன், அவனையும் முடிவு செய்த பிறகுதான் சாப்பிடக் கூட்டி வந்தாள்.

மேசைக்கு மேசை பெரிய தாளில் பிரசவ அறை ஒன்றை வரைந்து விரித்திருந்தார்கள். கட்டில், கழிவறை, கதவு எல்லாம் அளவோடு. ஒரு டப்பா நிறைய விரல் உயர மரப் பொம்மைகள். சிவப்புப் பொம்மை பிரசவத்துக்கு வந்த பெண். மற்றவை கூட இருப்பவர்கள்.

"அந்த நேரத்தில் உங்களோடு யார் யார் இருந்தால் உங்களுக்குத் தைரியமாக இருக்கும்? வைத்துக் காட்டுங்கள். இங்கே தப்பான பதில் என்று எதுவுமே கிடையாது" என்றார் ஹெலன்.

அவ்வளவுதானே என்று நான் ஆரம்பித்தேன். சிவப்பைக் கட்டிலில் படுக்க வைத்தேன். அது நான். தலைமாட்டில் ராசாத்தி மதினி, அண்ணன் பெண்டாட்டி. கால்மாட்டில் சின்னம்மா. அப்புறம் மாமியார், நாத்தனார், வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு மாரியக்கா, அவர் மகள்கள் மூன்று பேர், அண்ணன். டப்பா காலி. சூடான் அம்மாவின் மேசையிலிருந்து இரண்டு கேட்டு வாங்கினேன். ஒன்று சின்ன மாமா, இன்னொன்று எங்களை வேனில் கொண்டுவந்து விட்ட டிரைவர். பாவம், அந்தத் தம்பியும் கடைசி வரைக்கும் போகாமல் கிடந்தது. எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். கட்டிலே தெரியவில்லை.

ஹெலன் வந்து பார்த்தார். தப்பான பதிலே கிடையாது என்று சொன்ன அதே வாயால், "பவுன், இந்த அறையின் அளவு உங்களுக்கு..." என்று இழுத்தார். அளவு எனக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது, அறைதான் சின்னது என்றேன்.

எதிர்மேசையில் மதுவின் தாளைப் பார்த்தேன். கட்டிலில் சிவப்பு. பக்கத்தில் ஒரு நீலம், அது லூக்கஸாக இருக்கும். டப்பாவில் மற்றவையெல்லாம் அப்படியே கிடந்தன. டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளியும் வைத்துவிட்டாள்.

அதில் எது நான் என்று தெரியவில்லை.

3

மது பிறந்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எனக்கு அம்மா இல்லை. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டது. அதனால் தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் அப்போது கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். ராயப்பன்பட்டிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஓட்டுக் கட்டடம், நான்கைந்து கட்டில். இப்போது அது இல்லை. ஆடி மாசம், மலைப்பக்கமிருந்து காற்று ஆளைத் தள்ளுகிற நேரம். வலி கண்டதும் வீடே கிளம்பி வந்தது.

எனக்கு நினைவிருப்பதெல்லாம் குரல்கள்தான். சின்னம்மா யாருக்கோ வெற்றிலை கேட்டது. மாரியக்கா பிளாஸ்க் மூடியைத் தொலைத்துவிட்டு மகள்களை ஏசியது. எல்லாவற்றுக்கும் மேலே மதினியின் குரல். யாரையோ பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "ஒம் பந்தலைத் தூக்கியா போயிருவோம்? பிள்ளத்தாச்சி உள்ள கெடக்கா, வெயில்ல நிக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று. எதற்கு, யாரை என்று எனக்குத் தெரியாது. வலி வந்து போகிற இடைவெளியில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது அடுத்த வலி வந்தது. மறுபடி அந்தக் குரல். மதினி வாயை மூடினால் செத்துப்போவேன் என்று தோன்றியது. நல்லவேளை, அவர் வாய் மூடுகிற ஆள் இல்லை.

மது அழுததும் ஆளாளுக்கு "என்ன பிள்ள, என்ன பிள்ள" என்று கேட்டார்கள். அத்தனை பேரில் மதினி ஒருவர்தான், "ஏத்தா பவுனு, நீ எப்பிடி இருக்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்து மகன் பிறந்தான். சுத்தமான ஆஸ்பத்திரி. அன்பான நர்சுகள். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அமைதி இருக்கிறதே, அது வலியைவிடக் கொடுமை. சுவரில் ஓடுகிற கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெற்றேன். அதனால்தான் என் மகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று பதினோரு பொம்மை வைத்தேன்.

4

கூட்டம் முடிந்து மதுவே காரில் கொண்டுவந்து விட்டாள். இரண்டு சிக்னல் வரை பொறுத்துப் பார்த்தேன்.

"என்னைய ஏன் வைக்கல?"

அவள் சாலையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். "அம்மா, கோபப்படாதே. நீ அங்கே இருந்தால் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ பயப்படுகிறாயா, அழப் போகிறாயா என்று. அப்புறம் அந்த நேரத்தில் உன்னையும் நான்தான் தேற்ற வேண்டியிருக்கும்."

"நான் எதுக்குப் பயப்படப் போறேன்? நான் ரெண்டு பெத்தவ."

"என் பல் டாக்டரிடம் வந்தபோதே நீ அழுதாய்."

அழுதது உண்மைதான். ஆனாலும் ஒளிப்பானேன், அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதி வழியிலேயே இறங்கிப் பஸ் ஏறிப் போயிருப்பேன். பெற்றவளுக்கே உள்ளே வர அனுமதி இல்லை என்றால் நான் எதற்கு இத்தனை வருஷம் இங்கே இருந்தேன்? இவளுக்காகத்தானே இருந்தேன்.

இவளுடைய தமிழ் எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு வந்ததும் வாய் ஓயாமல் பேசுவாள். ஏதோ ஒரு வருஷம் நான் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். நானும் புரிகிறதே, போதும் என்று விட்டுவிட்டேன். இப்போது எங்கள் பேச்சு அப்படித்தான். நான் ஒரு பாஷை, அவள் ஒரு பாஷை, இரண்டும் ஒன்றையொன்று முட்டாமல் போகும். கதவு இடுக்கில் விரல் நசுங்கினால் மட்டும் "ஆத்தாடி" என்பாள். அந்த ஒரு வார்த்தையை எங்கே வைத்திருக்கிறாளோ.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது என் கையைப் பிடித்தாள். "நீ வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா" என்றாள். அது எனக்குப் புரியவில்லை. உள்ளே வேண்டாம், ஆனால் வேண்டும் என்றால் நான் எங்கே நிற்பது?

5

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மதினிக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை அவரைப் பிடிக்க முடியாது. கோயில் வாசலில் எள்ளு விளக்குக் கடை போட்டிருக்கிறார், சனிக்கிழமைக் கூட்டத்தில் போனை எடுத்தாலும் நம்மிடம் பேச மாட்டார், விளக்கு வாங்க வந்தவர்களிடம்தான் பேசுவார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். ஆஸ்பத்திரி, பொம்மை, மது சொன்னது.

"பதினோரு பேரு வச்சியா? எங்கன வச்ச?" என்றார்.

"உள்ளதான் மதினி. கட்டிலச் சுத்தி."

"கட்டிலச் சுத்தியா? ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? எங்களைய எங்கத்தா உள்ள விட்டாக?"

"மதுவுக்கு அன்னைக்கு நீங்க பூராப் பேரும்..."

"பூராப் பேரும் வெளியதேன் கெடந்தோம். அந்த சிஸ்டரம்மா வாசப்படியிலயே மறிச்சுட்டாக. பக்கத்துல திராட்சைத் தோட்டம். பந்தலுக்கடியில போயி ஒண்டுனோம். நிமிர முடியாது, நிமிந்தா தலையில குலை இடிக்கும். தோட்டக்காரரு வந்து குலை ஒடிஞ்சிரும், வெளிய போங்கன்னு சத்தம் போட்டாரு. நான் விடுவனா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒங்க கொரலு என் காதுகிட்டயே கேட்டுச்சே மதினி."

"கேக்காம? தோட்டம் மேக்க, நீ கெழக்க. ஆடிக் காத்து அங்கிட்டிருந்துல்ல அடிச்சுச்சு. நடுவுல ஒரு ஜன்னலு. மண்ணு வருதுன்னு சிஸ்டரு மூடப் போனாகளாம், நீதேன் மூடக் கூடாதுன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டியாம். பொறவு அவுகளே சொல்லிச் சிரிச்சாக. உள்ள இருந்தது நீ ஒருத்திதேன்."

போனை வைத்த பிறகு என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பி. குளிர்ந்த, கொஞ்சம் துருப்பிடித்த கம்பி. அது உள்ளங்கையில் அழுந்தியது இப்போது நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமாக நான் அதைக் கட்டில் கம்பி என்றே நினைத்திருந்தேன்.

மனசு செய்கிற வேலையைப் பாருங்கள். வெளியே கிடந்த பதினோரு பேரையும் ஒவ்வொருவராக உள்ளே கூட்டி வந்து என் கட்டிலைச் சுற்றி நிறுத்தி வைத்திருக்கிறது. தூரம் போன பிறகு எல்லாரும் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். என் முகத்தை என் ஆட்கள் யாரும் பார்க்கவில்லை, அவர்கள் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கத்தினேன், சிரித்தேன், யாரையும் தேற்ற வேண்டிய வேலை எனக்கு இல்லை. அவர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மது கேட்டதும் இதைத்தான். எனக்குக் கிடைத்தது எதுவென்று தெரியாமலே, அதை அவளுக்கு இல்லாமல் செய்யப் பார்த்திருக்கிறேன்.

6

இரண்டாவது கூட்டம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் நடந்தது. தாளில் வரைந்த அறையை இப்போது கெட்டி அட்டையில் நிஜ அளவுக்கே கட்டியிருந்தார்கள். நான்கு பக்கமும் அட்டைச் சுவர், அட்டைக் கதவு. உள்ளே நிஜக் கட்டில். நடந்து பாருங்கள், படுத்துப் பாருங்கள், இடிக்கிற இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டுங்கள் என்றார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. கட்டின பிறகு இடிப்பதைவிட அட்டையைக் கிழிப்பது சுலபம்.

ஜன்னல் எங்கே என்று கேட்டேன். சுவரில் நீல நிறத்தில் வரைந்திருந்த சதுரத்தைக் காட்டினார்கள்.

"திறக்குமா?"

கட்டட இன்ஜினியர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் சொன்னான். திறக்காது. குளிர்சாதனம், காற்றழுத்தம், கிருமி, தூசி. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நான் அவனிடம் சண்டைக்குப் போகவில்லை. போன தடவை நான் வைத்த பதினோரு பேரையும் வெளியே எடுத்துவிடுகிறேன், ஒருவர்கூட உள்ளே வேண்டாம், ஆனால் அவர்களை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வைக்க எனக்கு இடம் வேண்டும், அவர்கள் பேசுவது உள்ளே கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். திராட்சைப் பந்தலைப் பற்றியும் சொன்னேன். பந்தலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாமல் கையைத் தலைக்கு மேல் விரித்து, குனிந்து நடந்து காட்டினேன். சூடான் அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் ஊரில் மாமரம் என்றார்.

மது கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை அவளிடம் நான் இப்படிச் சொன்னதே இல்லை.

ஹெலன் எங்கிருந்தோ ஒரு கத்தியைக் கொண்டுவந்தார். நீலச் சதுரத்தின் கீழ்ப்பாதியை அறுத்து எடுத்தார். இன்ஜினியர் பையன் ஐயோ என்று பார்த்தான். "மது, நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். பவுன், நீங்கள் வெளியே போய்ப் பேசுங்கள்" என்றார்.

போய் நின்றேன். அட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான். பின்னால் அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். மகளே, கண்ணே என்றெல்லாம் கொஞ்சத் தெரிந்திருந்தால் தேவலை, அது எனக்கு வராது. கையில் அவர்கள் கொடுத்த காபி. ஒரு வாய் குடித்தேன். அதுதான் கைகொடுத்தது.

"இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி கட்டப் போறாகளாம், ஒரு நல்ல காப்பி குடுக்க வக்கில்ல. இது காப்பியா, காப்பித் தம்ளரக் கழுவுன தண்ணியா? இதைக் குடிச்சுட்டு யோசன சொன்னா யோசன எப்பிடி வெளங்கும்..."

உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. மதுவின் சிரிப்பு. அம்மா என்ன சொல்கிறார் என்று ஹெலன் அவளிடம் கேட்டார். "உங்கள் காபியைத் திட்டுகிறார்" என்றாள். கிட்டங்கியே சிரித்தது. ஹெலன் அதையும் எழுதிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு மது படுத்தபடியே ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கு அம்மாவின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்கிறது. எனக்கு இது போதும். இந்த ஓட்டையை மூடாதீர்கள்."

எழுந்து வந்து அறுத்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டை அவள் கையாலேயே ஒட்டினாள்.

7

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. பங்கேற்றதற்கு நன்றி. பிரசவ அறைகளில் திறக்கும் ஜன்னல் வைப்பது பாதுகாப்பு விதிகளால் இயலாது. தரைத்தள அறைகள் சிலவற்றுக்கு வெளியே குடும்பத்தார் உட்கார நிழலோடு கூடிய முற்றம் அமைப்பதும், அங்கிருந்து ஓசை உள்ளே வர வழி செய்வதும் பரிசீலனையில் உள்ளன. பரிசீலனை! எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த வார்த்தை நமக்கு முன்னாலேயே விசா வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் முற்றத்தின் வரைபடத்தை இணைத்திருந்தார்கள். அதன் மேலே கொடி படர்வது போல ஒரு பந்தல் போட்டிருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த ஆஸ்பத்திரி எழும்பி நிற்பதற்கு வருஷங்கள் ஆகும். மதுவின் பிள்ளை அதுவரை காத்திருக்காதே.

வலி கண்டது ஒரு சனிக்கிழமை. பழைய ஆஸ்பத்திரிதான். மாடியில் எங்கோ அறை, திறக்காத கண்ணாடி. நானும் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தபோது அவளையும் லூக்கஸையும் உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். நான் யாரிடமும் உள்ளே வரட்டுமா என்று கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எந்த ஜன்னல் அவளுடையது என்று தெரியவில்லை. உச்சி வெயில், குளிர்காலம் என்பதால் இதமாக இருந்தது. பக்கத்துக் கார்க் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அவள் சொன்னது சரிதான், இந்த முகத்தை அவள் பார்த்திருக்கக் கூடாது.

போன் அடித்தது. லூக்கஸ். என்னவோ ஏதோ என்று எடுத்தேன். போனைத் தலையணை மேல் வைப்பது கேட்டது. அப்புறம் மதுவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அம்மா. பேசு."

தமிழில்.

"என்னத்தப் பேச?"

"யாரையாவது திட்டு."

ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் பார்க்கிங் சீட்டுத் தருகிற இயந்திரத்தின் முன்னால் நின்று அட்டையைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தார். அவரில் தொடங்கினேன். அடுத்து அந்த இயந்திரம். அதைக் கண்டுபிடித்தவன். குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போன மகராசி. நடுநடுவே அந்தப் பக்கம் முனகல் வரும், ஆனால் நான் நிறுத்தக் கூடாது. முகம் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், குரல் உடையக் கூடாது என்று பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் திட்டுவதற்கு எனக்கு ஆள் தீர்ந்துபோனது. இது வாழ்க்கையில் முதல் தடவை.

மதினியை இணைப்பில் சேர்த்தேன். அங்கே சனிக்கிழமைக் காலைக் கூட்டம், எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார்.

"மதினி, மதுவுக்கு வலி வந்துருச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. பேசுங்க."

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "இந்தாங்கய்யா, விளக்க இங்கன ஏத்தாதீக, அங்கன போங்க. எண்ணெய்ல காலை வச்சுட்டு நிக்கிறதப் பாரு. கண்ணு தெரியலையா, இல்ல சனி பாத்துட்டானா?" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் மது சிரித்தாள். சிரிப்பு பாதியில் வலியாகி, "ஆத்தாடி" என்று வந்தது.

"யாருடி அது, பவுனு மகளா?" என்றது இன்னொரு குரல், பூக்கடைக்காரி. "வலி வந்துருச்சா? கத்து ஆத்தா, நல்லாக் கத்து. வெக்கப்படாத." டீக்கடை அக்கா வந்தது. தேங்காய் விற்கிற பெரியம்மா வந்தது. விளக்கு வாங்க மதுரையிலிருந்து வந்த யாரோ ஒரு அம்மா, முன்பின் தெரியாதவள், மூச்சை எப்படி விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அது தப்பு என்று மதினி அவளோடு சண்டைக்குப் போனார். நான் வாயை மூடிக்கொண்டேன். குச்சனூர் சமூகம் பேசிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று ஒரு அழுகைச் சத்தம். சின்னதாக, கோபமாக.

கோயில் வாசலில் ஆளாளுக்கு "என்ன பிள்ள, என்ன பிள்ள" என்று கேட்டார்கள்.

"சும்மா இருங்கடி" என்றார் மதினி. அப்புறம் போனில், "மது, ஆத்தா, நீ எப்பிடி இருக்க?"

லூக்கஸ் அழுவது கேட்டது.

"நல்லா இருக்கேன் அத்தை" என்றாள் மது. வார்த்தை வார்த்தையாக, தேடித் தேடிச் சொன்னாள். "அம்மாவை, இப்ப, உள்ள வரச் சொல்லுங்க."

நானும் அதே இணைப்பில்தான் இருந்தேன். ஆனாலும் மதினி சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"பவுனு, கேட்டுச்சுல்ல? உள்ள போ."

எழுந்து போனேன். லிஃப்டில் ஏறிக் கதவு மூடிய பிறகுதான் உறைத்தது, என்ன பிள்ளை என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.